அடைமழை நாளில் எதைக் காய்ச்சுவது: காலா, கோழியா, கீரையா, காணமா?

திருநெல்வேலிச் சீமையில் குளிர் என்று நாம் சொல்வது மலைநாட்டாரோ வடநாட்டாரோ சொல்லும் குளிர் அன்று. பாளையங்கோட்டையில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கம்பளி வேண்டுமென்றால் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று மலையேற வேண்டும். ஆயினும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு மூன்று நாள் வெயில் முகம் காட்டாமல் இருந்துவிட்டால், தரை சில்லிட்டு, கொடியில் போட்ட துணி காயாமல் ஈர வாடை அடித்து, பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகி, முதியவர்களுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு, வீடு முழுவதும் ஒரே நேரத்தில் சூடாக எதையாவது கேட்கத் தொடங்குகிறது. செங்கோட்டை, தென்காசிக்காரர்களுக்கு இந்த நிலை ஆண்டுக்கு இருமுறை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னமே ஆனி, ஆடிச் சாரலில் ஒரு சுற்று அவர்கள் பார்த்துவிடுகிறார்கள்.

அந்த நாளில் அடுப்பில் எதை ஏற்றுவது, ஆட்டுக்கால் சூப்பா, கோழிச் சாறா, முருங்கைக்கீரை சூப்பா, வெளியூரார் கொள்ளு என்று சொல்லும் காணத்தில் வைக்கும் ரசமா என்பதே கேள்வி. பொதுவாக இதற்கு ‘எது சத்து’ என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு விடை தேடுகிறார்கள். 22 ஆண்டுகளாக ஒரு குடும்பத்துக்குச் சமைத்துவரும் எனக்கு அந்த அளவுகோல் தனியாக உதவியதில்லை. எங்கள் வீட்டில் 78 வயதில் பல் போன, இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் மாமியார் இருக்கிறார். யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்கியதால் இறைச்சியைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கும் கணவர் இருக்கிறார். காரம் என்றால் தம்ளரையே தள்ளிவிடும் 9 வயதுப் பையனும், மெலிய வேண்டும் என்று சோற்றை ஒதுக்கும் 12-ஆம் வகுப்பு மகளும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு சட்டி வைக்க முடியாது. ஆகவே நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் வேறு: ஒரே சட்டியில் காய்ச்சியதை இவர்கள் அனைவரும் குடிக்க முடியுமா, மழை கொட்டும் அந்தக் காலையில் அதற்கான சாமான் வீட்டுக்குள்ளேயே இருக்குமா, அடுப்பு மூட்டியதிலிருந்து தம்ளருக்கு வர எவ்வளவு நேரமாகும். இவற்றுள் இரண்டாவது கேள்வியைச் சமையல் குறிப்பு எழுதுபவர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. சூப்பு தேவைப்படும் நாளும் கடைக்குப் போக முடியாத நாளும் ஒரே நாளாக இருப்பதுதான் நம் ஊர் வழக்கம்.

சுவையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் ஆட்டுக்கால் சூப்புக்கு நிகர் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் செய்வதும் கடினமன்று. ஒரு செட், அதாவது நான்கு கால், 6 பேருக்குப் போதும். துண்டுகளை மஞ்சள்தூள் போட்ட வெந்நீரில் இரண்டு முறை அலசி, சின்ன வெங்காயம், வெள்ளைப்பூண்டு, இஞ்சி, நல்லமிளகு, சீரகம் ஆகியவற்றை இடித்துப் போட்டு, 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி, குக்கரில் நான்கைந்து விசில் வந்தபின் தீயைத் தணித்து 40 நிமிடம் விட வேண்டும். காலின் தோலிலும் நரம்பிலும் மூட்டிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் நீண்ட நேரச் சூட்டில் ஜெலட்டினாக மாறிக் கரைவதுதான் சூப்புக்கு அந்த வழுவழுப்பைத் தருகிறது. குடித்தபின் உதடு ஒன்றோடொன்று ஒட்டினால் பதமாக வெந்திருக்கிறது என்று பொருள். மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் காலையில் கட்டியாக உறைந்து நிற்பதும் இதனால்தான்.

எலும்பைக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து முழுவதும் சாற்றில் இறங்கிவிடும் என்று நம்மிடையே ஓர் உறுதியான நம்பிக்கை இருக்கிறது. இறங்குவது சொற்பமே; ஒரு தம்ளர் பாலில் இருக்கும் கால்சியத்துக்கு அருகில்கூட அது வருவதில்லை. ஜெலட்டினும் புரதந்தான் என்றாலும், டிரிப்டோஃபான் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் அதில் இல்லாததால் அது முழுமையான புரதம் ஆகாது. சூப்பைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அது தரும் சூடும், சுவையும், பசியைத் தூண்டும் குணமும் உண்மை. கை முறிந்த பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் பருப்பையும் மறந்துவிட்டுக் கால் சூப்பை மட்டும் மூன்று வேளை கொடுக்கும் வீடுகளை நேரில் பார்த்திருப்பதால் எழுதுகிறேன்.

கால் சூப்பில் எல்லாமே சுத்தம் செய்வதைப் பொறுத்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால ஞாயிறன்று, வழக்கமாக வாங்கும் கடை பூட்டியிருந்ததால் வேறொரு கறிக்கடைக்குப் போனேன். “சுட்டுத் தரட்டா, சும்மா சுரண்டித் தரட்டாக்கா?” என்று கேட்ட பையன், கூட்டத்தின் அவசரத்தில் சுட்டானே தவிரச் சுரண்டவில்லை. குளம்பின் இடுக்கில் கருகிய மயிர் ஒட்டிக்கொண்டிருந்ததை மழை இருட்டில் நானும் கவனிக்கவில்லை. குக்கரைத் திறந்தபோது முடி கருகிய வாடை அடுக்களையைத் தாண்டி வாசல் வரை வந்தது; மிளகை எவ்வளவு தட்டிப்போட்டும் அடங்கவில்லை; அவ்வளவு சூப்பையும் சாக்கடையில் ஊற்றினேன். அன்று முதல், கடையில் துண்டு போடுமுன் ஒவ்வொரு காலையும் கையில் வாங்கிக் குளம்பிடுக்கை விரலால் தடவிப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுக்கிறேன். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இதைவிடப் பெரிய தடை நாட்காட்டி. புரட்டாசியில் குலசேகரப்பட்டினம் தசராவுக்கு மாலை போடுகிறவர்கள் உண்டு. ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம். கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள். அது முடிந்த கையோடு திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போவதற்காகத் தைப்பூசம் வரை இன்னொரு விரதம். வீட்டில் ஒருவர் மாலை போட்டுக்கொண்டால் அடுக்களையே சைவமாகிவிடுகிறது. கறிச்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவைக்கும் மாதங்கள்தாம் நம் ஊரில் மழையும் பனியும் பெய்யும் மாதங்களாக இருக்கின்றன. கிறிஸ்தவ, இஸ்லாமிய வீடுகளுக்கு இந்தத் தடை இல்லை. ரமலான் மாதம் மழைக்காலத்தோடு சேர்ந்து வரும் ஆண்டுகளில், கறிக்கொத்தும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து குழைந்த நோன்புக் கஞ்சியை மேலப்பாளையத்திலிருந்து யாராவது தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினால், இந்தக் கட்டுரையின் கேள்வியே அன்றைக்கு எழாது.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை மூன்றாவதாக ஒரு தடையும் உண்டு. யூரிக் அமிலத்தைக் கூட்டும் ப்யூரின்கள் இறைச்சியை நெடுநேரம் கொதிக்கவைத்த சாற்றில் இறங்கிவிடுவதால், கறியை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் குடிக்கிறேன் என்று சொல்வதில் பயனில்லை. அப்படிச் சொல்லி இரண்டு தம்ளர் குடித்த என் கணவர், மூன்றாம் நாள் செருப்பு மாட்ட முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

கோழிச் சாறு இதைவிட இளகியது. பிள்ளைகள் மறுப்புச் சொல்லாமல் குடிப்பது இதைத்தான். வறுவலுக்கு இளம் விடைக்கோழி நல்லது. சூப்புக்கோ முற்றிய நாட்டுக்கோழிதான் ஏற்றது, கறி சவைக்கக் கடினமாக இருந்தாலும் சுவை முழுவதும் சாற்றில் இறங்கும். கழுத்து, நெஞ்செலும்பு, கால் ஆகியவற்றைச் சூப்புக்கு ஒதுக்கிவிட்டுச் சதைப்பகுதியைக் குழம்புக்கு வைத்துக்கொண்டால் ஒரு கோழியில் இரண்டு வேளை தீரும். பிராய்லர் கோழியில் செய்தால் அரை மணியில் முடியும் என்பதைத் தவிர அதற்குச் சொல்ல வேறு சிறப்பில்லை.

சளிக்குக் கோழி சூப்பு நல்லது என்னும் எண்ணம் நம்மிடம் மட்டும் இருப்பதன்று. 1978-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் வெந்நீர், குளிர்ந்த நீர், கோழி சூப்பு மூன்றையும் குடிக்கவைத்து, மூக்குச் சளி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அளந்து பார்த்தார்கள். வெந்நீரிலும் சூப்பிலும் வேகம் கூடியது, சூப்பில் சற்று அதிகமாக. ஆனால் அரை மணி நேரத்தில் அவ்விரண்டிலும் வேகம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. குளிர்ந்த நீரோ வேகத்தைக் குறைத்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, மூக்கடைப்புக்குப் பயன் தருவதில் பெரும்பங்கு சூட்டுக்கும் ஆவிக்கும் உரியது என்பதையே. கோழி இல்லாமல் காய்ச்சிய ஆவி பறக்கும் எந்தச் சாறும் அந்த வேலையை ஓரளவு செய்யும். காய்ச்சலில் வாய் கசந்து சோறு இறங்காமல் கிடக்கும் பிள்ளைக்கு, அதிலும் வீட்டில் யாரும் மாலை போடாதிருக்கும் வாரத்தில், கோழிச் சாறு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. நல்ல உடம்போடு இருப்பவர்களுக்காக மழையில் நனைந்து நாட்டுக்கோழி தேடிப் போக வேண்டியதில்லை.

முருங்கைக்கீரை சூப்புக்குச் செலவே கிடையாது என்பதால் அதைப் பலரும் முதலிடத்தில் வைப்பார்கள். எங்கள் புறவாசலிலும் ஒரு மரம் நிற்கிறது. கால்சியம், வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் என்று கணக்குப் பார்த்தால் இந்தப் போட்டியில் கீரையை வெல்ல எதுவும் இல்லை. இரண்டு கைப்பிடி இலையைச் சின்ன வெங்காயம், பூண்டோடு நல்லெண்ணெயில் வதக்கி, வேகவைத்த பாசிப்பருப்பு ஒரு கரண்டியும் அரிசி களைந்த இரண்டாம் கழுநீரும் சேர்த்து, மூடி போடாமல் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் பச்சை நிறம் மாறாமல் சூப்பு ஆகிவிடும். மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு, இறக்கியபின் அரை எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும்; கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ள எலுமிச்சையின் வைட்டமின் சி உதவுகிறது, கொதிக்கும்போதே பிழிந்தால் அந்த வைட்டமின் சூட்டில் வீணாகிவிடும். முதல் நாள் இரவே கொத்துகளை ஈரமில்லாத துணியில் சுற்றி வைத்துவிட்டால் காலையில் உதறிய மாத்திரத்தில் இலைகள் உதிர்ந்துவிடும். ஆய்வதற்கென்று தனியே உட்கார வேண்டாம்.

ஆனால் ‘ஈரமில்லாத’ என்ற சொல்லில்தான் சிக்கல். மழைக்காலத்து முருங்கையை அருகில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு, பட்டை தெரியாத அளவுக்குச் சாம்பல் நிறத்தில் நெளிந்துகொண்டிருக்கும். பட்ட இடமெல்லாம் தடிக்கும். கொக்கியால் இழுத்தாலும் கிளையோடு பூச்சியும் தலையில் விழும். பந்தம் கொளுத்திப் பூச்சியைச் சுடும் வழக்கம் உண்டென்றாலும், கொட்டும் மழையில் யார் பந்தம் பிடிப்பது? கிளையும் முருங்கைக் கிளை. காற்றுக்கு முதலில் முறிவது அதுதான். தவிரவும், பொழுது சாய்ந்தபின் கீரை தொடமாட்டேன் என்பதில் என் மாமியார் உறுதியாக இருக்கிறார், பையனுக்கோ அதன் இளங்கசப்புப் பிடிப்பதில்லை. இரத்தம் உறையாமல் இருப்பதற்காக வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கீரைச் சாற்றை வழக்கமாக்கிக்கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆக, மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் முற்பகலுக்கு உரியது கீரை சூப்பு, அடைமழைக்கு உரியதன்று.

சோளமாவு கரைத்துக் கெட்டிப்படுத்தும் தக்காளி சூப்பையும் பாக்கெட்டில் வரும் சூப்புத் தூளையும் நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. முன்னது விடுதிச் சாப்பாட்டுக்கு முன்னுரை. பின்னதில் உப்பு அதிகம், நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பை இரத்தக் கொதிப்புக்காரர் இருக்கும் வீட்டில் மறக்க முடியாது.

சேர்க்காமல் விட முடியாதவை நம் ஊருக்கே உரிய இரண்டு: சொதியும் உளுந்தங்கஞ்சியும். நெல்லைச் சைவ வேளாளர் வீட்டுத் திருமணங்களில் மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் சொதி, தேங்காயை மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, முதல் பாலை ஊற்றியதும் கொதிக்கவிடாமல் இறக்கி எலுமிச்சை பிழிவது. இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாமல் அதற்கு நிறைவில்லை. வெளியூர் விருந்தினர் சிலர் அதைக் கிண்ணத்தில் ஊற்றி ‘சூப்பு’ என்று குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். சுவையில் குறையில்லை, ஆனால் ஒரு முழுத் தேங்காயைத் துருவி மூன்று பால் பிழிய ஆகும் நேரத்தில் வீட்டார் எல்லாரும் போர்வைக்குள் தூங்கிவிடுவார்கள். சொதி சோற்றுக்கு உரியது; அதை அங்கேயே விடுவோம்.

உளுந்தங்கஞ்சியின் நிலை வேறு. தொலி உளுந்தும் பச்சரிசியும் வெந்தயமும் பூண்டும் சேர்த்துக் குழைய வேகவைத்து, சுக்குத் தட்டிப்போட்டு, உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, தேங்காய்ப்பாலோ துருவலோ சேர்த்த கஞ்சியைக் குளிர்ந்த மாலையில் ஒரு தம்ளர் குடித்தால் இரவுச் சாப்பாடு வேண்டியதில்லை. பல் இல்லாதவரும் குடிக்கலாம், பையனும் தானாக வந்து கேட்பான். சாமான் எல்லாம் பெட்டியில் இருப்பவை. எனினும் சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் கருப்பட்டி ‘இயற்கையானது’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அதுவும் இனிப்பே. அவர்களுக்கு உப்புப் போட்டுத் தனியே எடுத்துவைக்கலாம். தேங்காய்த் துவையலோடு அதுவும் நன்றாகவே இருக்கும். ஆனால் கஞ்சி வயிற்றை நிறைக்கிறது. சாறு பசியைத் திறக்கிறது. பகல் பதினொரு மணிக்குக் கேட்பது பின்னதை.

அந்தப் பதினொரு மணிக்கு எங்கள் வீட்டில் பெரும்பாலும் அடுப்பேறுவது காணம். பழமொழி ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்றாலும் நம் பக்கத்தில் அது காணந்தான். கடையில் கொள்ளு என்று கேட்டால் புதிதாகக் குடிவந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். நூறு கிராம் காணத்தில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. அவ்வளவும் ரசத்தில் இறங்கிவிடாது என்றாலும், வெந்த காணத்தில் ஒரு பங்கை அரைத்துச் சேர்ப்பதால் மற்ற ரசங்களைவிட இது உடம்பில் ஒட்டும். பயறுகளிலும் ப்யூரின் உண்டு. ஆனால் இறைச்சி அளவுக்கு அவை யூரிக் அமில வாதத்தைத் தூண்டுவதில்லை என்பதால் என் கணவருக்கு இதில் விலக்கில்லை. மாலை போட்டவர்களுக்கும் விலக்கில்லை. ஒரு செட் காலின் விலையில் இரண்டு கிலோவாவது காணம் வாங்கலாம்.

இந்த முடிவுக்கு நான் வந்தது வரவு செலவுக் கணக்கால் மட்டும் அன்று. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கால் வாங்குவதாக முதல் நாளே முடிவு செய்திருந்தோம். விடியுமுன்னே தொடங்கிய மழை அன்றும் மறுநாளும் நிற்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு சந்திப்புப் பேருந்து நிலையத்துக்குள் புகுந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மின்சாரம் கிடையாது, குளிர்பெட்டியில் இருந்தது எதையும் நம்ப முடியாத நிலை. புறவாசல் முருங்கை பாதியில் முறிந்து சுவரின்மேல் கிடந்தது. சிலிண்டரில் எரிவாயு இருந்தது. அலமாரியில் ஒரு டப்பா வறுத்த காணம் இருந்தது. மிக்சி ஓடாததால், பல ஆண்டுகளாகச் செம்பருத்திச் சட்டி வைக்கும் மேடையாக இருந்த அம்மியைக் கழுவி, மிளகையும் சீரகத்தையும் அதில் தட்டினேன். இரண்டு நாளும் காணம் ரசமும் சோறுந்தான். காரம் என்றால் தம்ளரைத் தள்ளும் பையன் இரண்டாம் முறை கேட்டு வாங்கியது அன்றைக்குத்தான். பசியா, சுவையா என்று நான் ஆராயவில்லை.

செய்முறையில் கவனிக்க வேண்டியது தொடக்கத்தில் இருக்கிறது. காணத்தில் அதே நிறத்தில், அதே பருமனில் பொடிக்கற்கள் கிடக்கும். புடைத்தால் போகாது, அரிக்க வேண்டும். அகன்ற ஏனத்தில் தண்ணீர் ஊற்றிக் காணத்தை அதில் போட்டு, ஏனத்தைச் சாய்த்து இலேசாக அசைத்து அசைத்து மேலே வருவதை மட்டும் மற்றொரு ஏனத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தால், கடைசியில் அடியில் நாலைந்து கல் ‘கிணுக்’ என்று ஒலிக்கும். அந்த ஒலி கேட்கும் வரை விடக்கூடாது. அரித்ததை வெயிலில் உலர்த்தி, வெறும் சட்டியில் மிதமான தீயில் வாசம் வந்து ஒன்றிரண்டு வெடிக்கும் வரை வறுத்து, ஆறியபின் ஒன்றுக்கு இரண்டாக உடைத்து வைத்துக்கொண்டால் ஊறவைக்க வேண்டியதில்லை. ஊறவைக்காத முழுக்காணம் வேக ஒரு மணி நேரம் கேட்கும்; வறுத்து உடைத்தது குக்கரில் ஏழெட்டு விசிலில் மலர்ந்துவிடும்.

ஆறு பேருக்கு 100 கிராம் காணம், ஒன்றரை லிட்டர் தண்ணீர். வெந்ததும் நீரை வடித்துக்கொண்டு, ஒரு கரண்டிக் காணத்தை ஒரு தேக்கரண்டி நல்லமிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், ஏழெட்டுப் பல் பூண்டோடு கொரகொரப்பாக அரைக்க வேண்டும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து மஞ்சளும் உப்பும் போட்டுப் பச்சை வாடை போகக் கொதிக்கவைத்து, பிறகு காணநீரையும் அரைத்ததையும் ஊற்றி, நுரை கூடி விளிம்பில் பொங்கத் தொடங்கிய கணத்தில் தீயை அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு கொதி வந்தாலும் ரசம் குழம்பின் சாடைக்குப் போய்விடும். நல்லெண்ணெயில் கடுகு, ஒரு மிளகாய் வத்தல், கறிவேப்பிலை, காயம் தாளித்து மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் போதும். பையனுக்குரியதை மேலாகத் தெளிவாக முகந்து, ஒரு சொட்டு நெய் விட்டுக் கொடுக்கிறேன்; மாமியாருக்கு அடியிலிருந்து கலக்கி. உப்பை அவருக்கேற்பக் குறைத்துப் போட்டுவிட்டு மற்றவர்கள் தேவையானால் சேர்த்துக்கொள்ளும்படி உப்புக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

காணத்துக்கும் குறைகள் உண்டு. வயிற்றில் வாயு சேரும் உடம்புக்காரர்கள் பூண்டையும் காயத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போதும் இரவில் குடிக்காமலிருப்பது நல்லது. சூடு என்று கருதிக் கருவுற்ற பெண்களுக்குப் பெரியவர்கள் இதைக் கொடுப்பதில்லை. அப்படிப்பட்டவர் வீட்டிலிருந்தால் காணத்தை விட்டுவிட்டுத் துவரம்பருப்பு நீரில் வெறும் மிளகு ரசம் வைத்துவிடலாம். ஆங்கிலேயர் ‘மிளகுத்தண்ணீர்’ என்னும் நம் சொல்லைத் திரித்துத் தங்கள் சூப்புக்கு முல்லிகடானி என்று பெயர் வைத்துக்கொண்டதற்குக் காரணமான ரசம் எதுவும் தரக்குறைவாக இருக்க முடியாது. விருந்தினர் வந்து, மாலை போட்டவர் யாரும் இல்லாமல், மழையும் தூறலாக நின்றுவிட்ட ஞாயிறாக இருந்தால் நானே தம்பியைக் கறிக்கடைக்கு அனுப்புவேன். ஏழு மணிக்குள் போனால்தான் கால் கிடைக்கும், எட்டு மணிக்குத் தலைதான் மிச்சமிருக்கும்.

வடித்த காணத்தில் மீதமிருப்பதைத் தேங்காய், வத்தல், புளியோடு அரைத்தால் அதே வேளைக்குத் துவையலும் ஆயிற்று. ஆனால் இவ்வளவும் டப்பாவில் காணம் இருந்தால்தான். மழை பிடித்தபின் அரித்த காணம் காய்வதில்லை. ஈரத்தோடு வறுத்தால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். ஆகவே எந்தச் சூப்பு என்ற முடிவை ஐப்பசி மழையில் எடுப்பதைவிடப் புரட்டாசி வெயிலில் எடுத்துவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்த மாதத்தில் ஒருநாள், மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்திருப்பதைப் பார்த்துவிட்டு, கீழேயிருந்து மாமியார் குரல் கொடுப்பார்: “ஏட்டி, காணத்தை அரிச்சியா, அப்படியே கொட்டிட்டியா? கல்லு இருந்தா எனக்கென்ன, எனக்குப் பல்லு இல்லை. உன் மாப்பிள்ளைக்குத்தான் கடிபடும்.”